பன்னிரண்டாம் கழுத்து

கதிரவன் தன் பொன்னொளியை முதலில் உயர்ந்த மாடங்களின் கண்ணாடி நெற்றிகளில் பூசி, பின்னர் அவற்றின் தோள்களில் வழியவிட்டு, கடைசியில் எஞ்சிய மங்கலான வெளிச்சத்தை மட்டும் தெருவுக்கு ஈந்தருளும் காலை வேளை. அம்மாநகரின் துணிக்கடைத் தெருவில் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு மேலேறும் ஓசை, தொலைவில் உருளும் இடியென எழுந்து, அண்மையில் வந்து அதிர்ந்து, அடுத்த தெருவுக்குக் கடந்து சென்றது. கடை முகப்புகளில் நிற்கும் தலையில்லாப் பதுமைகளுக்கு நேற்றைய உடையைக் களைந்து இன்றைய உடையை அணிவித்துக்கொண்டிருந்தனர் பணிப்பெண்கள். நேற்று மணமகளாய் நாணி நின்ற பதுமை இன்று கடற்கரைக்குப் புறப்பட்டு நின்றது. அதன் முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை, முகமே இல்லாமையால்.

நயமறிந்து படிப்போரே, அத்தெருவின் முன்புற எழிலை மட்டும் கண்டு மீண்டுவிடாமல், அதன் பின்புறச் சந்தினுள் என்னோடு நுழைவீராக. துணிச்சுருள்களைச் சுமந்து நிற்கும் வண்டிகளுக்கு இடையே ஒருக்களித்து நடந்து, மழைநீர்க் குழாயை ஒட்டிய படிகளில் மூன்று மாடி ஏறினால், நீண்டதொரு பணிமனை தோன்றும். இடுப்பளவு உயரத்தில் இரு நெடும்பலகைகள். அவற்றின்மேல் தாழத் தொங்கும் விளக்குகள். விளக்கொளியில் வெள்ளை, கறுப்பு, செம்மண் நிறமென வகைக்கொன்றாய்த் தட்டுகளில் குவிந்த மணிகள். சவர்க்காரநீர் நிறைந்த ஏனங்கள். சுவரில் ஆளுயரப் படமொன்றில், கழுத்துக் கொள்ளாத அணிகளோடு எங்கோ வெறித்து நோக்கும் ஒரு நங்கை. மலைவாழ் மக்களின் பழைய கழுத்தணிகளை எடைக்கு வாங்கி, அவிழ்த்து, கழுவி, மாநகர மங்கையர் விரும்பும் புதிய கோலத்தில் கோத்துத் தருவதே அம்மனையின் தொழில். பழைமையை எவரும் அப்படியே அணிய விரும்புவதில்லை. பழைமைபோல் தோன்றும் புதுமைக்கே ஊரெங்கும் கிராக்கி. இந்த உண்மையை அறிந்தவர் பிழைத்துக்கொண்டனர்.

அப்பணிமனையின் வடமூலைச் சாளரத்தருகே அமர்பவளை எல்லோரும் மலையக்கா என்பர். மலையில் பிறந்து, மணந்து, கணவனை மண்சரிவுக்குக் கொடுத்து, ஏழாண்டுகளுக்கு முன் வேலை தேடி இறங்கி வந்தவள். ஏனையோர் கோப்பவர், அவளோ அறுப்பவள். மூட்டையிலிருந்து கழுத்தணியை எடுப்பாள். மணித்துளைக்குள் நுழையாத முடிச்சையும், வணிகர் சுற்றிய சணலையும் கத்தரித்துக் காலடித் தொட்டியில் வீழ்த்துவாள். நூலை உயர்த்திப் பிடித்து மணிகளைத் தட்டில் வழியவிடுவாள். மழை ஓய்ந்த கூரையிலிருந்து நீர் சொட்டுவதைப் போன்ற ஓசை எழுந்து அடங்கும். அவ்வளவே.

வந்த புதிதில் அவள் அத்துணை விரைவுடையவள் அல்லள். அவள் குலத்துப் பெண் வளர்ந்து நின்றதும், தாயோ தமக்கையோ அவள் கழுத்தை ஒட்டி மணிச்சரத்தைச் சுற்றிப் பிடரியில் முடிச்சிடுவர். தலைவழியே கழற்ற இயலாத அணி அது. குளித்தாலும் உறங்கினாலும் கழுத்தோடு இருக்கும். முடிச்சு ஒவ்வொரு கைக்கும் வேறு. முகத்தைக் கண்டு இன்னார் மகள் என்று நாம் சொல்வதைப் போல, முடிச்சைக் கண்டு இன்னார் கட்டியது என்று அம்மக்கள் சொல்வர். ஆகவே தொடக்கத்தில் அவள் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவி, திருப்பிப் பார்த்து, பிறகே கத்தரியை வைப்பாள். நாளுக்குப் பன்னிரண்டு கழுத்தணிகளே அவிழ்ந்தன. மேற்பார்வையாளர், எதற்கெடுத்தாலும் விரைவு விரைவு என்று பறப்பதால் பெண்கள் தமக்குள் "அவசரம்" என்று பெயர் சூட்டியிருந்தவர், ஒருநாள் பொறுமையிழந்தார்.

"என்ன மலையக்கா, ஒவ்வொரு முடிச்சுக்கும் முத்தம் குடுத்துட்டுத்தான் வெட்டுவீங்களா? வேலையப் பாருங்க."

அன்றுமுதல் அவள் முடிச்சைப் பார்ப்பதை விட்டாள். எதிர்ச்சுவரில் தொங்கும் கடிகாரத்தில் கண்ணை ஊன்றிக்கொண்டு கையை மட்டும் தொழிலுக்கு அனுப்பினாள். ஆறு திங்களில் நாளுக்கு நாற்பது அவிழ்ந்தன. அவசரமே வியந்து, புதியவர்களிடம் அவள் கையைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தலானார். பாராமை ஒரு கலை. பழகிவிட்டால் அது கண்ணோடு நிற்பதில்லை, நெஞ்சுக்கும் பரவும். மலைக்குப் போய்வர வேண்டும் என்ற எண்ணமும் அவ்வாறே ஒவ்வொரு மழைக்கும் தள்ளிப்போயிற்று. அங்கே அவளுக்கு இருந்தவள் தங்கை ஒருத்தியே. மூன்றாண்டுகளாகத் தங்கையின் தொலைபேசி எண்ணில் எவரும் எடுப்பதில்லை. எண் மாறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டாள், அதற்குமேல் எண்ணவில்லை.

நான் சொல்ல வந்த நாளில் பணிமனை பரபரத்துக்கிடந்தது. மூன்றாம் நாள் ஓர் அணிவகுப்பு. பன்னிரு நங்கையர் பன்னிரு கழுத்தணிகளோடு மேடையில் நடந்து காட்ட, வெளிநாட்டு வணிகர் அமர்ந்து தேர்ந்தெடுப்பர். வடிவமைப்பாளரான அம்மையார் காலையிலேயே மாடியேறி வந்தார். மென்குரலார், மணிகளை உள்ளங்கையில் அள்ளினால் குழந்தையின் விரலைப் பற்றியவர்போல் முகம் கனிபவர். அவ்வன்பு பொய்யன்று.

"வெள்ளையும் கறுப்பும் கலந்து பன்னெண்டு செட் வேணும். பாத்தா கனமாத் தெரியணும். ஆனா கனமா இருக்கக் கூடாது," என்றார்.

"எங்க வீட்டுக்காரர் குடுக்குற வாக்கு மாதிரியா மேடம்?" என்று கேட்டாள், மலையக்காவுக்கு எதிரே அமர்ந்து மணிகளை நிறம்பிரிக்கும் பெண். ஊர்வம்பை எல்லாம் நூலில் கோக்க வல்ல அவளுக்கு வாயாடி என்று பெயர். பணிமனை முழுதும் நகைத்தது, அம்மையாரும் நகைத்தார், மலையக்காவின் கத்தரி மட்டும் நிற்கவில்லை.

உச்சி சாய்ந்து இரண்டு மணி ஆகும்போது முப்பத்தொரு கழுத்தணிகள் அவிழ்ந்து, ஒரே தட்டில் ஒன்றாய்க் கலந்து, வாயாடியின் கையில் பிரிந்துகொண்டிருந்தன. அப்போது அவள் எதையோ விளக்கருகே தூக்கிக் காட்டினாள்.

"அக்கா, இதப் பாரேன்! மணி பத்தலைன்னு சட்டைப் பொத்தானைக் கோத்து வெச்சிருக்கா ஒரு மகராசி. நம்ம மேடம் கண்ணுல படாம ஒளிச்சு வைக்கணும். பட்டுச்சுன்னா அடுத்த வருஷம் ஊர்ல இருக்கற பொண்ணுங்க எல்லாம் கழுத்துல பொத்தானோட திரிவாங்க."

தவிட்டுநிறப் பொத்தான். தையலுக்குரிய நான்கு துளைகள்; அவற்றின் நடுவே, ஓரம் கருகிய ஐந்தாவது துளை ஒன்று.

அந்த ஐந்தாம் துளையை இட்டவள் மலையக்கா. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், தங்கைக்கு மணிச்சரம் கட்டிய நாளில், மணியொன்று கைதவறி அடுப்புக் கல்லின் பிளவில் விழுந்து மறைந்தது. வேறு மணி இல்லை. தன் சட்டையிலிருந்து பொத்தானைப் பிய்த்து, ஊசியைத் தீயில் காய்ச்சி நடுவே துளையிட்டாள். தடித்த நூல் நுழைய வேண்டுமே. "எல்லாரும் சிரிப்பாங்க அக்கா," என்றாள் தங்கை. "பிடரிப் பக்கமாக் கோத்துடறேன். முடி மறைச்சிடும்," என்றாள் இவள். முடி மறைத்தது. எவரும் சிரிக்கவில்லை.

இப்போது அப்பொத்தான் வாயாடியின் இரு விரல்களுக்கிடையே இருந்தது. அதைக் கண்டு மலையக்கா அலறினாள் என்றோ, மயங்கி வீழ்ந்தாள் என்றோ எழுதினால் கதைக்குச் சுவை கூடும், நடந்தது அதுவன்று. நெடுநேரம் மடக்கி அமர்ந்து மரத்துப்போன காலில் முள் தைத்தால், தைத்தது என்ற செய்தி மட்டும் வருமே, வலி வாராதே. அங்ஙனம் ஆயிற்று அவளுக்கு.

"அத எனக்குக் குடு," என்றாள்.

"எதுக்கு?"

"சட்டையில ஒண்ணு கம்மியா இருக்கு."

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கழுத்தணியை எடுத்தாள். எடுத்தவள் அறுக்கவில்லை. அன்று அறுத்த முப்பத்தொன்றில் தங்கையுடையது எது? கண் கடிகாரத்தின்மீது இருந்தமையால், எத்தனை மணிக்கு எத்தனை அவிழ்ந்தன என்று சொல்ல அவளால் இயலும். எது எவள் கழுத்தினது என்று சொல்ல இயலாது. அவள் குலத்தில் பிறந்த வேறெந்தப் பெண்ணும் முடிச்சைப் பாராமல் நூலைத் தொட்டிருக்க மாட்டாள். அந்தப் பிழை அவளுக்கென்றே அமைந்தது.

மணிச்சரம் கழுத்தைவிட்டு நீங்க இரு வழிகளே உண்டு. பெண் இறந்தால், தொண்டைக்கு நேரே முன்புறத்தில் நூலை அறுப்பர். பிடரி முடிச்சை எவரும் தொடார். அது கட்டியபடியே இருக்கும். உயிரோடு இருப்பவள் நீக்க விரும்பினால், தன் கையாலேயே முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவ்வாறு அவிழ்த்தவள், கட்டியவளோடு இனி உறவில்லை என்று சொன்னவள் ஆவாள். வறுமையால் விற்றாலும் பொருள் அதுவே. ஆகவே, தான் இட்ட முடிச்சு காலடித் தொட்டியில் கிடந்தால் தங்கை உலகில் இல்லை. கிடக்கவில்லையெனில் தங்கை இருக்கிறாள், அக்காளைத்தான் வேண்டாமென்றுவிட்டாள்.

என்னை வேண்டாம் என்றிருக்கட்டும் என்று விரும்பினாள் மலையக்கா. தன்னை ஒருத்தி வெறுத்து உதறியிருக்க வேண்டுமென்று அவ்வளவு அமைதியாக வேண்டிக்கொண்டவளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தொட்டியை மூன்று மணிக்குக் குப்பை வண்டி கொண்டுபோய்விடும். அதற்குமுன் கேட்டு அறியக்கூடியதை அறிவோம் என்று படியிறங்கினாள். மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கும் மூட்டைக்காரர் சந்தின் வாயிலில் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தார்.

"அண்ணே, காலைல இறக்குனது எந்தப் பக்கத்து மூட்டை?"

"மூணு மூட்டை இறக்குனேன். மேல போறதுக்குள்ள மூணும் கலந்து நாலாச்சு. எதக் கேக்கறீங்க?"

"வெள்ளையும் கறுப்பும்."

"அதுவா? கீழ்த்தோட்டத்துப் பக்கம் ஒருத்தன்கிட்ட எடுத்தேன். அவன் இன்னொருத்தன்கிட்ட எடுத்தான்."

"மொதல்ல குடுத்தது யாரு? பொம்பளையா?"

மூட்டைக்காரர் குவளையை வாயிலிருந்து எடுத்தார். "அக்கா, மீன் வாங்குறவன் ஆத்துக்கிட்டப் போயி, இது யார் பெத்த மீனுன்னா கேப்பான்? எடை போட்டேன், வண்டியில ஏத்துனேன்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏன்? உங்க ஆளுங்களுதா?"

"தெரியல."

"வேணும்னா மழைக்கு அப்புறம் போகும்போது விசாரிச்சுட்டு வரேன்."

அவர் உண்மையாகவே சொன்னார். அவள் தலையசைத்துவிட்டுச் சந்தின் மறுகோடிக்குப் போய், மலையடிவாரத்துக் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தாள். தங்கையின் பெயரைச் சொல்லி விசாரித்தாள்.

"அந்தக் குடும்பமா? தோட்ட வேலைக்குன்னு கீழ எறங்கி மூணு வருஷமாச்சே. புருஷன் வேற பக்கம் போயிட்டான்னு பேச்சு. அந்தப் பொண்ணுக்கு உடம்புக்கு முடியலைன்னாங்க. அது ஆச்சு, போன மழைக்கு முந்தி. நீங்க யாரு பேசறது?"

"அக்கா."

"கூடப் பொறந்த அக்காவா? உங்களுக்கே தெரியாதா?"

"சரிங்க," என்று வைத்துவிட்டாள்.

அவள் மாடியேறியபோது மூன்று மணிக்கு இன்னும் இருபது நிமிடங்கள் இருந்தன. மணிகள் களவு போகாதிருக்கும் பொருட்டுத் தொட்டியைக் கிளற எவருக்கும் இசைவில்லை. உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் அவ்வுண்மையை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால் முதலில் அதைத் தானே கேட்க வேண்டுமே. ஆகவே ஒரு பொய்யைத் தேர்ந்தாள்.

"சார், ஒரு சரத்துல இருந்த வெள்ளி வளையம் கைதவறித் தொட்டியில விழுந்துடுச்சு."

அவசரம் தேள் கொட்டியவர்போல் துள்ளினார். "வெள்ளியா? எல்லாரும் எந்திரிங்க! துணிய விரிங்க! கொட்டுங்க! வண்டி வந்துடும்!"

விரித்த துணியில் தொட்டி கவிழ்ந்தது. நூல்துண்டுகளும் சணற்பிரிகளும் முடிச்சுகளும் பறவைக்கூடு சரிந்ததைப் போல் குவிந்தன. ஏழு பெண்கள் சுற்றி அமர்ந்து வெள்ளியைத் தேட, எட்டாமவள் முடிச்சைத் தேடினாள்.

"கிடைச்சா எனக்குப் பாதி," என்றாள் வாயாடி.

"கிடைச்சா ஒனக்கு வேலை இருக்கும். அது போதாதா?" என்றார் அவசரம்.

"அப்படின்னா நான் தேடுற மாதிரி நடிக்கிறேன் சார்."

"நடிக்கத்தானே ஒன்னை வேலைக்கு வெச்சேன்! குனி, குனி!"

நகைப்பொலிக்கு நடுவே, பெண்கள் பயனற்றவை என்று ஒதுக்கிய முடிச்சுகள் ஒவ்வொன்றாய் மலையக்காவின் முழங்காலருகே சேர்ந்தன. ஆண்டுக்கணக்காகப் பாராமலிருந்த கண் இப்போது பார்க்கத் தொடங்கிற்று. ஒவ்வொன்றும் பிடரியில் கட்டியபடியே இருந்த முடிச்சு. ஒவ்வொன்றும் இறந்த ஒருத்தி. இது ஒரு தாய் கட்டியது. இறுக்கம் போதாதென்று இருமுறை சுற்றியிருக்கிறாள். இது முதன்முறை கட்டிய இளங்கை, இங்கே நடுங்கியிருக்கிறது. பதினாறு முடிச்சுகள் வரை அவளுடையது இல்லை. பதினேழாவதை வாயாடி விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு எறிந்தாள்.

"இதுல ஒண்ணுமில்லக்கா. வெறும் பழைய முடிச்சு."

மலையக்கா இடக்கை வழக்கமுடையவள். மும்முறை சுற்றி, நுனியை இடப்புறமாக உள்ளே செருகுவது அவள் வழக்கம். உலகில் வேறெவரும் அப்படிச் செருகுவதில்லை. அவள் மடியில் வந்து விழுந்த முடிச்சின் நுனி, இருபத்திரண்டு ஆண்டு வியர்வையில் கறுத்து, இடப்புறமாகச் செருகிக் கிடந்தது.

கையை உயர்த்தினாள். விரலிடுக்கில் முன்பே எடுத்து வைத்திருந்த வெள்ளி வளையம் மின்னிற்று. "கிடைச்சிடுச்சு சார்."

எல்லோரும் கைகொட்டினர். அவசரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாயாடி மட்டும் உற்றுப் பார்த்தாள். "வெள்ளி கிடைச்ச மூஞ்சியா இது? பித்தளை கிடைச்ச மாதிரி இல்ல இருக்கு!"

மலையக்கா எழுந்துபோய்க் கைகழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

நயமறிந்தோரே, இனி அக்குலத்தின் இறுதிக்கடனை நீவிர் அறிதல் வேண்டும். இறந்தவளின் மணிகளைக் கட்டியவளே நூலிலிருந்து உதிர்க்க வேண்டும். பிறகு அவற்றை நெருங்கிய பெண்டிர்க்குப் பங்கிட்டு, ஒவ்வொருத்தி கழுத்திலும் தன் கையால் அணிவித்து, "கனக்குதா?" என்று கேட்க வேண்டும். அவள், "கனக்குது" என்று விடை சொல்ல வேண்டும். சொன்ன அளவில் இறந்தவளின் சுமையில் ஒரு பங்கு அவள் தோளுக்கு மாறிவிடும். கடைசிப் பங்கைப் பெற்றவளும் அச்சொல்லைச் சொல்லும்வரை, கட்டியவள் கண்ணில் நீர் வருதல் ஆகாது. சொல்லி முடித்த பின்னரே அவள் அழலாம். அதற்குமுன் அழுதால் சுமை முழுதும் அவள்மீதே தங்கிவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை.

தங்கையின் மணிச்சரம் பங்கிடப்படாமல் மூட்டைக்கு வந்தது என்றால், அவள் மறைந்த இடத்தில் பங்கிட ஒருவரும் இல்லை என்பது பொருள். அந்நியர் எவரோ தொண்டைக்கு நேரே அறுத்து, சணலால் சுற்றி விற்றுவிட்டனர். ஆனால் முதற்கடன் முடிந்துவிட்டது. உதிர்க்க வேண்டியவளே உதிர்த்துவிட்டாள், காலை ஒன்பதுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையே, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. இரண்டாம் கடனும் அவளைக் கேளாமலே நடந்துகொண்டிருந்தது. ஏனை முப்பது பெண்களின் மணிகளோடு கலந்துவிட்ட தங்கையின் மணிகள், பிரிக்க ஒண்ணாதபடி, பன்னிரண்டு புதிய கழுத்தணிகளாக அப்பலகைகளில் கோக்கப்பட்டுக்கொண்டிருந்தன. எதில் எத்தனை என்று எவரும் அறியார். ஆகவே பன்னிரண்டும் பங்குகளே.

மூன்றாம் கடன் ஒன்றே எஞ்சியது. மறுநாள் அவள் அவசரத்திடம் போனாள்.

"அணிவகுப்புக்கு நகை மாட்டிவிட நானும் வரேன் சார்."

"நீங்க வெட்டுறவங்களாச்சே. மாட்டுற எடத்துல ஒங்களுக்கு என்ன வேலை?"

அருகில் நின்ற வடிவமைப்பாளர் அம்மையார் முகம் மலர்ந்தார். "வரட்டும், வரட்டும். மலையிலேர்ந்து வந்தவங்க கையாலயே மாட்டுனா எவ்வளவு அழகா இருக்கும்! படம் எடுத்துக்கலாம்."

அணிவகுப்பு நாள் பிற்பகலில் ஒப்பனையறை ஒளிவெள்ளத்தில் மிதந்தது. கண்ணாடிகளைச் சுற்றி விளக்குகள். விளக்குகளைச் சுற்றி நறுமணப்பொடியின் புகைமூட்டம். ஒன்றுமுதல் பன்னிரண்டுவரை எண்ணிட்ட நாற்காலிகளில் பன்னிரு நங்கையர், கொக்குகள் நீர்நிலையில் நிற்பதுபோல் கழுத்தை நீட்டியபடி. மலையக்கா முதலாமவளின் பின்னே நின்று, பிடரியில் கொக்கியைப் பொருத்தி, மணிகளைச் சீர்செய்தாள்.

"கனக்குதாம்மா?"

"ஐயோ, கனக்குதுக்கா! எவ்வளவு நேரம் போட்டிருக்கணும்?"

"கொஞ்ச நேரந்தான்."

இரண்டாமவள், "ம், கனக்குது," என்றாள். மூன்றாமவள், எங்க அக்கா கல்யாணத்துக்குப் போட்ட மொத்த நகையைவிடக் கனக்குது என்று கண்ணாடியில் முகஞ்சுளித்தாள். ஐந்தாமவள் உதட்டுச்சாயம் கலையுமென்று வாய்திறவாமல் தலையை மட்டும் அசைத்தாள். மலையக்கா நகரவில்லை.

"வாயத் தொறந்து சொல்லும்மா."

"கனக்குது, கனக்குது. போதுமா? ஏன்க்கா, எங்கள எல்லாம் எடை போடச் சொன்னாங்களா?"

ஒப்பனையறை நகைத்தது. ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாமவள், கழுத்து ஒடிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டாள். ஒவ்வொரு முறை அச்சொல் எழுந்தபோதும் மலையக்கா தன்னுள் எதுவோ குறைகிறதா என்று கூர்ந்து பார்த்தாள். குறைந்ததாகத் தெரியவில்லை, ஆயினும் கடைசிச் சொல்லுக்குப் பின்னரே தெரியும் என்று தேற்றிக்கொண்டாள். பத்து. பதினொன்று.

பன்னிரண்டாமவள் இனிய முகத்தாள்; எல்லோரிடமும் நன்றி சொல்பவள். கொக்கி பொருந்திற்று.

"கனக்குதாம்மா?"

"இல்லக்கா! போட்டதே தெரியல. காத்து மாதிரி இருக்கு."

மலையக்காவின் விரல்கள் அப்பெண்ணின் தோளிலேயே நின்றன. அருகே வந்த அம்மையாருக்கோ பெருமை பிடிபடவில்லை.

"அதுதான் நான் ஆசைப்பட்டது! கடைசி செட்டுக்கு மணி பத்தல. பாதிக்கு மேல பிளாஸ்டிக். பாத்தா தெரியுதா, சொல்லுங்க?"

தெரியவில்லை. உள்ளீடற்ற நெகிழி மணிகளும் இறந்த பெண்களின் மணிகளும் ஒரே நூலில், ஒரே ஒளியில், ஒன்றுபோல் மிளிர்ந்தன.

"கனக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா," என்றாள் மலையக்கா.

"கனக்கலையேக்கா! பொய்யா சொல்லச் சொல்றீங்க?"

"சும்மாவாச்சும்."

அப்பெண் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் திரைக்கு அப்பால் இசை எழுந்தது, எண்களை அழைக்கலாயினர், யாரோ அவள் முழங்கையைப் பற்றி இழுத்தனர். "வந்து சொல்றேன்க்கா!" என்று சிரித்தபடி ஓடினாள்.

திரையின் இடைவெளி வழியே மலையக்கா நோக்கினாள். பன்னிரு கழுத்துகள் ஒளியில் நடந்தன, நின்றன, திரும்பின. எங்கோ ஓரிடத்தில், அல்லது பன்னிரண்டு இடங்களிலும், தங்கை நடந்துகொண்டிருந்தாள். கையொலி ஒவ்வொரு முறையும் எழுந்து அடங்கிற்று. பன்னிரண்டாமவள் வந்தபோது அடங்கவில்லை. கழுத்தை அத்துணை எளிதாக உயர்த்தி, அத்துணை விடுதலையாகத் தலையைத் திருப்பி வேறெவரும் நடந்திலர். வணிகர்கள் எழுந்தே நின்றுவிட்டனர்.

பதினொருவர் ஒப்பனையறைக்கு மீண்டு, கொக்கிகளைக் கழற்றச் சொல்லிக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டனர். பன்னிரண்டாமவள் வரவில்லை. மேடையிலிருந்தே வணிகர்கள் அவளை முன்வாயில் வழியாக அழைத்துச்சென்று, படமெடுத்து, அணியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, அதையே தேர்ந்தெடுத்துவிட்டதாக அறிவித்தனர். ஆயிரக்கணக்கில் வேண்டுமாம், இன்னும் இலேசாக இருந்தால் நன்றாம், முழுதும் நெகிழியாகவே இருக்கலாமாம். அம்மையார் மகிழ்ச்சியில் எல்லோரையும் தழுவினார், மலையக்காவையும் தழுவினார். "உங்க கைராசி!" என்றார்.

மலையக்கா மற்றவர் போனபின்னும் பன்னிரண்டாம் நாற்காலியருகே நின்றாள். விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்துக்கொண்டே வந்த காவலாளி, "யாருக்காகம்மா நிக்கறீங்க?" என்று கேட்டார். அப்பெண்ணின் பெயரை அவள் கேட்டிருக்கவில்லை.

படித்து வந்த நல்லோரே, பகிர்ந்தால் துயர் பாதியாகும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொடுப்பவள் கொடுத்தால் மட்டும் போதாது. வாங்குபவள் அதன் எடையை உணர்ந்து ஒரு சொல் சொல்லவும் வேண்டும். வரும் பருவத்தில் அவ்வணி எல்லாக் கடைகளிலும் தொங்கும். உம் வீட்டுப் பெண் ஒருத்தி அதை அணிந்து கண்ணாடி முன் நின்று, இவ்வளவு அழகும் இவ்வளவு இலேசுமா என்று வியப்பாள். அவ்வியப்பில் குற்றமில்லை, அந்த மணிகளில் எவரும் இல்லை. ஆயினும் கனத்தை எல்லாம் கழித்துவிட்டு அழகை மட்டும் வாங்கிக்கொண்டோம் என்று நாம் மகிழும்போது, கழித்த கனம் காற்றில் கரைந்துவிடுவதில்லை. யாரோ ஒருத்தியின் கையிலேயே நின்றுவிடுகிறது, இறக்கிவைக்க இடமின்றி, அழவும் இசைவின்றி.

மறுநாள் காலை, மலையக்கா வடமூலைச் சாளரத்தருகே வந்து அமர்ந்து, கத்தரியை எடுத்தாள். அன்று மாலைக்குள் முப்பத்தெட்டு அவிழ்ந்தன. "ரெண்டு கொறைஞ்சிருக்கு, பரவாயில்ல," என்றார் அவசரம்.